கண்ணாடித் தொட்டியில் கடல்

கொங்கு நாட்டிற்குக் கடல் இல்லை. மேற்கே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தோ, கிழக்கே நெடுந்தொலைவு சென்றோதான் கோவை நகரத்தார் அலையோசையைக் கேட்டல் கூடும். ஆயினும், கடல்படு பொருள்மீது இந்நாட்டார் கொண்ட விருப்பம் பழமையானது. பண்டை நாளில் உமணர் உப்பு வண்டிகளை உள்நாட்டிற்கு ஓட்டி வந்தனர். நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வில் சங்கறுத்துச் செய்த பொருள்களும் கிடைத்தன. உப்பும் சங்கும் உயிரற்றவை. ஆதலின் வண்டியேறி வருதற்கு அவற்றிற்குத் தடையில்லை. இக்காலத்தார் சிலர் விரும்புவதோ உயிருள்ள கடலை! 40 லிட்டர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் பவளப்பாறையும் வண்ணமீனும் அமைத்துக் கூடத்தில் வைத்துக் காண விழைகின்றனர்.

விருப்பம் நன்றே. ஆனால், ‘தொட்டி சிறிது, ஆகவே வேலையும் எளிது’ என்று அவர் எண்ணுவது பொருந்தாது. உண்மை இதற்கு நேர்மாறானது. பெருந்தொட்டியில் ஒரு மீன் இறந்து அழுகினும் அதன் நஞ்சு மிகுந்த நீரிற் பரவி வலியிழக்கும்; சிறு தொட்டியில் அதுவே எஞ்சிய உயிர்களையும் மாய்த்துவிடும். கோவையின் கோடை வெயிலில் நீர் ஆவியாகுமே, உப்பு ஆவியாகுமோ? ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீர் 40 லிட்டரில் 4 லிட்டர் குறையுமாயின், எஞ்சிய நீரில் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 39 கிராம் ஆகிவிடும். எனவே நாள்தோறும் குறைந்த அளவிற்கு நன்னீரையே சேர்த்தல் வேண்டும். உப்புநீரைச் சேர்ப்பவர் மீனுக்குத் தீங்கு செய்தவராவர்.

1909ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிச் சாலை அமைத்தோர்க்குக் கடல் வாயிலிலேயே இருந்தது. கோவையார் கடல்நீரையும் தாமே ஆக்கிக்கொள்ளல் வேண்டும். சமையலுப்பைக் கரைத்தல் போதாது. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம் முதலியனவும் கலந்துள்ளன. இதற்கெனச் செய்த கடலுப்புக் கலவை விற்கப்படுகிறது. 40 லிட்டருக்கு 1,400 கிராம் அளவில் வேண்டும். கரைக்கும் நீர் வடிகட்டித் தூய்மை செய்ததாதல் இன்றியமையாதது. சிறுவாணி நீர் குடிப்பதற்கு எத்துணை இனிதாயினும், குழாயில் வருங்கால் அதிற் குளோரின் கலந்திருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரோ உவர்ப்பும் கடினமும் உடையது.

நீர் நிறைந்தவுடன் மீனை விடுதல் பலரும் செய்யும் பிழை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கும். அதனை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேறுதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுகாறும் வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை இல்லாதவர் இம்முயற்சியில் இறங்காதிருத்தலே நன்று. 1846ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் கற்பவளங்களை வளர்த்த அன்னா தின் என்னும் அம்மையார், அவற்றின் நீர் காற்றுடன் கலக்கும்பொருட்டுத் திறந்த சாளரத்தின்முன் அதனை மாற்றி மாற்றி ஊற்றும்படி பணிப்பெண்ணை ஏவினார். நாள்தோறும் அரைமணிக்கு மேல் அவ்வேலை நடந்ததாம். (அப்பணிப்பெண்ணின் பொறுமையையே முதலிற் பாராட்டல் தகும்.) இன்று அவ்வேலையைச் சிறு மின்பொறி செய்கின்றது, மின்சாரம் தடைப்படும் வேளைக்கு மாற்றுவழியும் வைத்திருத்தல் வேண்டும்.

இனி, பவளத்தைப் பற்றிய பேச்சு. பவளம் கல் அன்று; செடியும் அன்று; நுண்ணிய விலங்குகளின் கூட்டம். திரண்டு வளரும் பவளங்கள் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டரே வளரும். ஒரு சாண் உயரமுள்ள பவளத்தைப் பெயர்த்தவன் இருபதாண்டு உழைப்பை ஒரு நொடியில் அழித்தவன் ஆவான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்பிற்காகவும் கட்டடத்திற்காகவும் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்தனர். அங்குள்ள 21 தீவுகளுள் இரண்டு கடலில் மூழ்கின. அப்பகுதி 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. பாறை கட்டும் பவளங்கள் யாவும் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் சேர்க்கப்பட்டன, கடற்குதிரையும் அவ்வாறே. 2016ஆம் ஆண்டில் கடல்நீர் வெம்மையுற்றுப் பவளங்கள் வெளுத்து மாய்ந்த துன்பமும் அவ்வளைகுடாவிற்கு நேர்ந்தது.

‘கடல் பெரிது, ஒரு துண்டு எடுத்தலால் குறைவதென்ன?’ என்பாரும் உளர். அவர் ஒருவரே கேட்பின் அது வினாவாகும். ஊர்தோறும் பலர் கேட்பின் அதுவே கொள்ளையாகும். சட்டம் தடுத்த பொருளை மறைவாக விலைக்கு வாங்கி, நாற்பது லிட்டரில் நாற்பது நாள் வைத்துச் சாகவிடுதலை அழகுணர்ச்சி என்று எவ்வாறு கூறுவது? பவளமின்றி அமைந்த தொட்டியே கொங்கு நாட்டு வீட்டிற்குத் தக்கது. பவளத்துண்டிற்கு ஈடாகச் சுட்ட மண்ணாற் செய்த கற்களை அடுக்கலாம். மட்கலம் வனையும் ஊர்கள் நமக்குக் குறைவல்ல. மெருகு பூசாத, துளைகள் மிக்க மண்கற்களில் நுண்ணுயிர்கள் நன்கு குடிகொள்ளும். பவளத்தை உயிருடன் காண விழைவோர் மன்னார் வளைகுடாக் கரைக்குச் சென்று, அது வாழும் இடத்திலேயே காண்க.

மீனும் அவ்வாறே. கடலிற் பிடித்த மீன் வேண்டா. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையைக் கண்டு நடத்தியுள்ளனர். இவ்வாறு பண்ணையிற் பிறந்த ஓரிணை போதும்; மூன்றாவது மீன் வேண்டுவதில்லை. கடலில் இம்மீன் கடற்சாமந்தியின் கொட்டும் இழைகளிடையே புகலிடம் தேடும். பகையில்லாத தொட்டியில் அத்துணையின்றியும் வாழும். வாரம் ஒருமுறை 4 லிட்டர் நீரை மாற்றி, வெப்பத்தை 27 பாகைக்கு மிகாமல் காப்பின், அவ்விணை மண்கல்லின் பக்கத்தில் முட்டையிடுதலும் உண்டு. ஆண் மீன் துடுப்பால் விசிறி அவற்றைக் காக்கும். ஏழெட்டு நாளில் இரவுப் பொழுதில் குஞ்சுகள் வெளிப்படும். அவற்றிற்கு உணவாகும் நுண்ணுயிர்களைத் தனியே வளர்த்துத் தரல் வேண்டும். அதற்கு வேறொரு தொட்டி தேவை.