வாடகை ஒப்பந்தமும் ஒரு பாடநூலே

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்னும் பழமொழி ஒலிக்காத தமிழ்ச் சங்கப் பொதுக்கூட்டம் அரிது. கட்டட நிதிக்கு வேண்டுகோள் விடுப்போர் அதனைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவர். கைதட்டல் பெற்று அமர்வர். சொந்தக் கட்டடம் வேண்டும் என்னும் ஆசையில் பிழையில்லை. ஆனால், தனி வளை கிடைக்கும் வரையில் வாடகை வளையில் எவ்வாறு பாதுகாப்பாக இருப்பது என்பதை எந்த மேடையும் பேசக் காணோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் நடத்தும் பயிற்சி மையங்களும், இசை நடனப் பள்ளிகளும், அச்சகங்களும், சிறு அலுவலகங்களும், சங்கப் பணிமனைகளும் பல வாடகைக் கூரையின் கீழேயே வாழ்கின்றன. அவற்றின் ஆயுள் ஒப்பந்தம் எனப்படும் சில தாள்களில் அடங்கியிருக்கிறது. அத்தாள்களைப் படிக்காமலே கையெழுத்திடும் பழக்கம், கட்டடம் இல்லாத குறையினும் பெரிய குறையாகும்.

இக்குறையின் அளவை உணர, தலைநகரின் அலுவலகச் சந்தை இன்று எந்நிலையில் உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1998இல் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் கட்டி முடிக்கப்பட்டன. 1999 முதல் மத்திய அரசின் அலுவலகங்கள் புத்ராஜெயாவுக்குக் குடிபெயர்ந்தன. நகருக்குள் இருந்த பெரும் வாடகைதாரர் ஒருவர் வெளியேறிய பின்னும் கட்டடங்கள் எழுவது ஓயவில்லை. அலுவலகங்களும் கடைத்தொகுதிகளும் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று 2017 நவம்பரில் அரசே புதிய திட்டங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்திவைத்தது. ஆயினும், முன்னரே அனுமதி பெற்றவை வளர்ந்துகொண்டே இருந்தன. 2020இல் பெருந்தொற்று வந்தது. ஊழியர் வீட்டிலிருந்து பணியாற்றப் பழகினர். துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் புதிய கோபுரங்கள் நிமிர்ந்தன. 678.9 மீட்டர் உயரமுள்ள மெர்டேக்கா 118 கோபுரம் 2024 ஜனவரியில் அதிகாரப்பூர்வமாகத் திறந்துவைக்கப்பட்டது.

விளைவு என்ன? தலைநகரின் தனியார் அலுவலகப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ஆளின்றிக் கிடக்கும் நிலை 2020களில் ஏற்பட்டது. காலித் தளத்திற்கும் காவல் வேண்டும். மின்தூக்கி ஓட வேண்டும். வரி கட்ட வேண்டும். வங்கிக் கடனுக்கு வட்டி செலுத்த வேண்டும். ஆகவே, இச்சந்தையில் கெஞ்ச வேண்டியவர் கட்டட உரிமையாளரே. விலை பேசும் வலிமை வாடகைதாரர் கைக்கு வந்துவிட்டது. பழைய கட்டடத்தில் கொடுத்த வாடகையோடு சிறிதளவே கூட்டிக் கொடுத்துப் புதிய கட்டடத்திற்கு மாறும் நிறுவனங்கள் பல. மாறாமல் இருப்பவையும், ‘மாறிவிடுவோம்’ என்னும் ஒரு சொல்லாலேயே சலுகை பெறுகின்றன.

அச்சலுகை எவ்வாறு பெறப்படுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. அறிவிக்கப்பட்ட வாடகையைக் குறைக்க உரிமையாளர் தயங்குவார். குறைத்தால் கட்டடத்தின் மதிப்பே குறைந்துவிடும், பிற வாடகைதாரரும் குறைக்கச் சொல்வர். ஆகையால், வாடகையை அப்படியே வைத்துக்கொண்டு முதற்சில மாதங்களுக்கு விலக்கு அளிப்பார். ஆயிரம் சதுர அடி கொண்ட ஓர் அலுவலகத்திற்குச் சதுர அடிக்கு மாதம் 6 வெள்ளி எனக் கொள்வோர், மூன்றாண்டுகளில் 2,16,000 வெள்ளி செலுத்த வேண்டும். மூன்று மாத விலக்குப் பெற்றால் செலுத்துவது 1,98,000 வெள்ளி. அப்போது உண்மை வாடகை 6 வெள்ளி அன்று. 5 வெள்ளி 50 காசுதான். ஆறாம் ஆண்டு மாணவன் செய்யக்கூடிய கணக்கு இது. பெருநிறுவனங்கள் இக்கணக்கைச் செய்த பின்னரே பேனாவை எடுக்கின்றன.

இனிப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்கு வருவோர் ஒரே சாலையின் இரு புறங்களில் இரு வேறு உலகங்களைக் காண்பர். செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற ஊர் அது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைப் புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. இரயில்வே வளர வளரத் தென்னிந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் அதன் தொழிலாளராகவும் எழுத்தராகவும் இங்குக் குடியேறினர். அந்த இரயில்வே வளாகம் இருந்த 72 ஏக்கர் நிலத்தில்தான் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதனைச் சுற்றி அலுவலகக் கோபுரங்களும் தங்கும் விடுதிகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. எதிர்ப்புறத்தில், துன் சம்பந்தன் சாலையில், பூக்கடையும் துணிக்கடையும் உணவகமும் நிற்கின்றன. மேல்மாடிகளில் பயிற்சி மையமும் தட்டச்சு அலுவலகமும் சங்கப் பலகையும் காணப்படுகின்றன.

2010 அக்டோபர் 27இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடி இவ்வட்டாரத்தை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்தனர். 2015 நவம்பரில் இந்திய அரசின் அன்பளிப்பான தோரண வாயிலும் திறக்கப்பட்டது. மகிழத்தக்க நிகழ்ச்சிகள்தாம். ஆனால், தோரண வாயில் எவருடைய வாடகையையும் நிர்ணயிப்பதில்லை. தெருவின் அழகு கூடினால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் வாடகை கூடும். கூடிய வாடகை கட்டட உரிமையாளரைச் சேரும். பெயர் தமிழர்க்கு, வருவாய் பத்திரத்தில் பெயருள்ளவர்க்கு. இதில் எவர் மீதும் சினம் கொள்வதற்கில்லை. வணிகத்தின் இயல்பு அது. அவ்வியல்பை அறியாமல் வாயிலின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டதோடு கடமை முடிந்தது என்று கருதியதே பிழை.

‘கோபுரங்களில் இடம் காலியாகக் கிடந்தால் பூக்கடைக்காரருக்கு என்ன பயன்?’ என்று வினவலாம். நியாயமான வினா. தெருமுகக் கடையை மேலே மேலே அடுக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தெருமுக இடம் அளவானது. அங்கு உரிமையாளரின் கையே ஓங்கியிருக்கும். ஆனால், முதல் மாடியும் இரண்டாம் மாடியும் அப்படியல்ல. மின்தூக்கி இல்லாத, வண்டி நிறுத்த வசதியற்ற அந்த மாடிகள், வசதியான புதிய அலுவலகங்களோடு போட்டியிட வேண்டியவை. அவை காலியானால் மறுபடி நிரம்ப மாதங்கள் ஆகலாம். அந்த மாடிகளில்தாம் தமிழரின் பயிற்சி மையங்களும் சங்கங்களும் உள்ளன. பேரம் பேசும் வலிமை அவர்கள் கையில் இருந்தும், அஃது இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. உரிமையாளர் கேட்டதைக் கொடுத்து, நீட்டிய இடத்தில் ஒப்பமிட்டு வருகின்றனர்.

அறியாமைக்குக் கொடுக்கும் விலை வாடகை வெள்ளியோடு நிற்பதில்லை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் மூன்றாண்டு என்னும் ஓர் எல்லைக் கோட்டை வகுத்துள்ளது. மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை நில அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். மூன்றாண்டும் அதற்குக் குறைந்ததுமான வாடகைக்குப் பதிவு வேண்டியதில்லை. அது வாய்மொழியாகவும் அமையலாம். எளிது என்று எண்ணிப் பலரும் இதனையே விரும்புவர். ஆனால், அவ்வெளிமையில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. அத்தகைய வாடகை உரிமைப் பத்திரத்தில் குறிக்கப்பெறாமல் இருக்கையில் கட்டடம் கைமாறினால், புதிய உரிமையாளரை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. கடன் வாங்கி மேசை நாற்காலி போட்டு, பலகை மாட்டி, மாணவர் சேர்த்து நடத்திய பயிற்சி மையம், மூன்றாண்டு முடியுமுன்னே இடம் தேடி அலைய நேரலாம். நில அலுவலகத்தில் விண்ணப்பித்து வாடகையைப் பத்திரத்தில் குறிக்கச் செய்யும் வழியைச் சட்டமே காட்டியிருக்கிறது. அவ்வழியை அறிந்த சங்கச் செயலாளர் எத்தனை பேர்?

ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கும் உரிமை உண்டு என்ற வாசகத்தைக் கண்டு மனநிறைவு கொள்வோர் உளர். அதனை அடுத்து, ‘வாடகை அன்றைய சந்தை நிலவரப்படி’ என்று ஒரு வரி இருந்தால், அந்த உரிமை பாதி உயிர் இழந்ததாகும். வாடகை எவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்ற எல்லையைக் கையெழுத்திடுமுன் கேட்டு வாங்க வேண்டும். பின்னர்க் கேட்டால் கிடைக்காது. இவ்வாறே, வாடகைக் காலம் முடிந்த பின் குடியிருப்பவரை நீதிமன்ற நடவடிக்கையின்றி வெளியேற்றலாகாது என்று 1950ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடுக்கிறது. ‘நாளைக் காலை பூட்டுப் போடுவேன்’ என்ற மிரட்டலுக்கு அஞ்சிச் சாமானைத் தெருவில் இறக்குவோர் இதனை அறிந்திருந்தால் ஒரு நாளேனும் நிமிர்ந்து நின்றிருப்பர்.

‘அரசு வாடகையைக் கட்டுப்படுத்தட்டும்’ என்பார் சிலர். அரசு அதையும் செய்து பார்த்ததே வரலாறு. 1948 ஜனவரி இறுதிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அடக்கி வைத்திருந்தது. 1997இல் அது நீக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடு 1999 இறுதியோடு முடிந்தது. 2000 ஜனவரி முதல் நாளில் பழைய கடைவீடுகள் சந்தை விலைக்குத் திறந்துவிடப்பட்டன. ஆயத்தம் செய்துகொள்ள இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அவகாசம் இருந்தது. அக்காலத்தில் உரிமையாளரோடு புதிய ஒப்பந்தம் பேசியவர் தப்பினர். ‘அப்பா காலத்து வாடகை’ என்று அசையாது இருந்தவர் தெருவை இழந்தனர். சட்டத்தின் நிழல் நிலையானதன்று. நிழல் நகரும் நேரத்தை அறிந்தவனே வெயிலுக்குத் தப்புவான்.

‘இவையெல்லாம் வணிகர் கவலை, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?’ என்பது கடைசி மறுப்பு. இம்மறுப்பே எல்லாவற்றினும் தீயது. பிறர் நிலத்தில் நிற்பதன் பொருளைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரினும் நன்கு அறிந்தவர் யார்? தோட்ட நிலத்தில் நின்ற பள்ளிகள், தோட்டம் விற்கப்பட்டபோது பட்ட பாட்டை இச்சமுதாயம் கண்டிருக்கிறது. நிலம் பள்ளியின் பெயரில் இல்லாமையால் முழு உதவி கிட்டாது பகுதி உதவியோடு தவித்த வரலாறும் மறக்கத்தக்கதன்று. பத்திரத்தில் உள்ள ஒரு வரி பள்ளியின் தலையெழுத்தாகும் என்று அறிந்தவர், மாணவனுக்கு அவ்வரியைப் படிக்கக் கற்றுத் தராவிட்டால் வேறு யார் தருவர்?

‘அப்படியாயின் கட்டடம் வாங்குவதே தீர்வு’ என்று மீண்டும் பழமொழிக்குத் திரும்புவோர்க்கும் ஒரு சொல். கூட்டுறவின் வழியே கட்டடம் எழுப்பலாம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டத் தொழிலாளரின் சிறு சேமிப்பில் வளர்ந்த அச்சங்கம் தலைநகரில் எழுப்பிய விஸ்மா துன் சம்பந்தனில் தமிழ் நிகழ்ச்சிகள் பல நடந்தேறுகின்றன. ஆனால், அந்தச் சங்கம் உணர்ச்சியால் மட்டும் வளர்ந்ததன்று, கணக்கால் வளர்ந்தது. நில வரி, மதிப்பீட்டு வரி, பராமரிப்பு, காலித் தளம் ஆகியவற்றைக் கணக்கிடாமல் எழுப்பும் கட்டடம் சொத்தாகாது, சுமையாகும். காலிக் கோபுரங்கள் நிறைந்த நகரில், நிதி திரட்டப் பத்தாண்டு காத்திருப்பதினும், நல்ல மாடியொன்றை நீண்ட குத்தகைக்குப் பதிவோடு எடுப்பது பல சங்கங்களுக்கு அறிவுடைமையாகும்.

செய்யத்தக்கவை செயற்கரியவை அல்ல. மேல் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் அலுவல் கடிதம் கற்பிக்கப்படுவது போல ஒரு வாடகை ஒப்பந்தமும் படிக்கப்படலாம். முன்பணம், புதுப்பிப்பு, வாடகை விலக்கு, பத்திரக் குறிப்பு ஆகிய சொற்களை மாணவன் தமிழில் விளக்கும் ஆற்றல் பெற்றால், மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள தாளைக் கண்டு அவன் மருளமாட்டான். கணிதப் பாடத்தில் மாம்பழமும் மிட்டாயும் விற்றது போதும். ஒரு மாடியின் உண்மை வாடகையையும் கணக்கிடச் செய்யலாம். ஒரே தெருவில் தனித்தனியே பேரம் பேசித் தோற்கும் சங்கங்கள், தம் ஒப்பந்தங்களை ஒருவருக்கொருவர் காட்டி, ஒரே வழக்கறிஞரை அமர்த்திக் கூட்டாகப் பேசலாம். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும் என்பதைத் தமிழர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சமுதாயம் ஒன்று தன் தெருவை ஒரே நாளில் இழப்பதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு கையெழுத்தாக இழக்கிறது. இழப்பதற்கு முன் படிக்கும் பழக்கத்தைத் தர வேண்டிய இடம் வகுப்பறை. பழந்தமிழ்ப் பாடலின் பொருளைச் சொல்லுக்குச் சொல் ஆராயக் கற்பிக்கும் ஆசிரியருக்கு, நான்கு பக்க ஒப்பந்தத்தின் பொருளை ஆராயக் கற்பிப்பது இயலாத செயலன்று. அதனைத் தமிழ் வகுப்பின் தகுதிக்குக் குறைவு என்று ஒதுக்குவோர், அந்த வகுப்பிற்கு மாணவரை அனுப்பும் பெற்றோரின் பிழைப்பையும் சேர்த்தே ஒதுக்குகின்றனர்.