கண்ணீருக்குக் கெடு வைப்பவர் யார்?

“அழுதது போதும், இன்னும் புலம்புவது விசுவாசக் குறைவு” எனத் துயருற்றோரைக் கடிவது நம்மிடையே புண்ணியச் செயலாகவே கருதப்படுகிறது. இதனை வன்மையாக மறுக்கிறோம்.

திட்டக்குடியைத் தழுவி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அக்கடற்கரையை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை சூறையாடியது. இழந்த படகுக்கு ஈடு உண்டு. இழந்த பிள்ளைக்கு ஈடேது? ஆண்டுகள் பல கடந்தும் மனம் ஆறாத தாயை விசுவாசமற்றவள் என்போமோ?

மூளையே இதற்குச் சான்று பகர்கிறது. தாயையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோயில் பறிகொடுத்த பெண்களை மேரி பிரான்சஸ் ஓகானர் குழுவினர் ஆராய்ந்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். இறந்தவரின் படத்தைக் கண்டதும், வலியுணர்வோடு தொடர்புடைய பகுதிகள் எல்லாரிடமும் கிளர்ந்தன. நீடித்த துயரில் உழன்றோரிடமோ, விரும்பியதை எதிர்நோக்கும்போது இயங்கும் பகுதியும் கிளர்ந்தது. ஏக்கம் மிகுந்தோரிடம் அக்கிளர்ச்சியும் மிகுந்தது. சிறிய ஆய்வே எனினும் அது உணர்த்துவது பெரிது: உள்ளம் இன்னும் வாசலைப் பார்த்திருக்கிறது. காத்திருக்கும் மூளையைக் கடிந்துரை மாற்றுமோ?

எல்லா அழுகையும் நோயன்று. ஆறு மாதங்களுக்கு மேலாகியும், ஊர் வழக்கத்தை விஞ்சி, அன்றாட வாழ்வையே முடக்கும் துயரைத்தான் உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப்பட்டியல் ‘நீடித்த துயரக் கோளாறு’ என்கிறது. அதற்கெனப் பயின்றோர் தரும் உரையாடல் சிகிச்சையும் உண்டு.

இலாசரை உயிர்ப்பிக்கவிருந்த இயேசுவே அவருக்காக அழுதார். இன்றோ முப்பதாம் நாள் திருப்பலியோடு பலரின் கால்கள் துக்க வீட்டை மறந்துவிடுகின்றன. விசுவாசத்தில் குறை உண்டெனில், அது அழுவோரிடம் அன்று. அவர்கள் வாசலை மிதிக்காதோரிடமே.