மலையேற்றமும் கடைசிப் பெட்டியும்

மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும் நம் அங்கத்தினர் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம்: "ஒரு நாள் மலைப் பக்கம் போய் வந்தால் என்ன?" பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் குடியிருக்கும் நமக்கு இந்த ஆசை இயல்பே. கிழக்கே திரும்பினால் மலை கண்ணில் படுகிறது. ஆயினும் அடுத்த நிமிடமே வேறொரு பேச்சும் எழுகிறது. "பாட்டிக்கு முழங்கால் வலி, அவர் வீட்டில் இருக்கட்டும். இளையவனுக்கு இழுப்பு, அவனுக்குத் துணையாகத் தாயும் இருக்கட்டும்." இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் முடிவில் மிஞ்சுவோர் நான்கு வாலிபர்கள். அதற்குக் குடும்பப் பிரயாணம் என்று பெயர் சொல்ல முடியுமா?

ரயில்வேயில் ஊழியம் புரியும் எனக்கு இவ்விஷயத்தில் இரண்டு விதிகள் நினைவுக்கு வருகின்றன. வெவ்வேறு வேகத் தகுதியுள்ள பெட்டிகள் ஒரே வண்டியில் இணைக்கப்பட்டிருந்தால், அவற்றுள் மிகக் குறைந்த வேகத் தகுதியுள்ள பெட்டியே முழு வண்டியின் வேகத்தையும் நிர்ணயிக்கும். இது முதல் விதி. இரண்டாவது, கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் 'எல்.வி.' என்னும் பலகை இருக்கும். அதைக் கண்ட பிறகே வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று நிலையத்தார் கொள்வர். எஞ்சின் முந்தி வந்தது கணக்கில் சேராது. மலைக்குச் செல்லும் குழுவிற்கும் இவ்விரண்டுமே போதிய விதிகள் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு குன்றின் அடிவாரத்தில் நான் கண்ட காட்சி இதற்குச் சான்று. முதியவர் இருவர் வெயில் ஏறும் வரை ஒரு கல்லின் மேல் அமர்ந்திருந்தனர். உடன் வந்த இளைஞர்கள் உச்சிக்குப் போய்விட்டனர். தண்ணீர்ப் பையும் அவர்களுடைய தோளிலேயே போய்விட்டது! ஆதலால், தண்ணீரும் உணவும் எப்போதும் கடைசியில் நடப்பவருடன் இருக்க வேண்டும். பொறுப்புள்ள ஒருவர் இறுதிவரை அவருக்குப் பின்னாலேயே நடந்து வர வேண்டும்.

அடுத்தபடியாக நேரக் கணக்கு. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் மஞ்சள் பலகைகள் நாட்டியிருக்கிறார்கள். அவை வழி காட்டுவதோடு, இன்ன இடத்தை அடைய இத்தனை மணி நேரம் நடக்க வேண்டும் என்றும் தெரிவிக்கின்றன. மலையில் தூரத்தைவிட ஏற்றமே பெரிது என்பதை அந்நாட்டார் நன்கறிவர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம்; அதற்கு மேல் ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்திற்கும் இன்னொரு மணி நேரம். அது நல்ல தேகக்கட்டுள்ளவருக்கான கணக்கு. குழந்தைகளும் முதியோரும் சேர்ந்த நம் குழுவினர் அதை இரு மடங்காக்கிக்கொள்வது நலம்.

இனி, எங்கே செல்வது? முதல் பிரயாணத்திற்குச் சிதறால் மலையைவிட ஏற்ற இடம் நம் அருகில் இல்லை. பாறசாலையில் ரயிலேறிக் குழித்துறையில் இறங்கலாம். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். மலைமேல் செல்லும் பாதை கல் பாவியது, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவானது, ஏற்றமும் கடுமையன்று.

இதன் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. இங்கே சமணர் பள்ளி அமைத்து வாழ்ந்தனர். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும், சிங்கத்துடனும் சிறுவருடனும் நிற்கும் அம்பிகையின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து, அதாவது 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் குணந்தாங்கிக் குரத்தியார் என்னும் பெண் துறவி அளித்த கொடை குறிக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் இது பகவதி கோயிலாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி நடந்தேறிய மலைக்கு நம் வீட்டுப் பெண்டிரை அழைத்துச் செல்லத் தயங்குவானேன்?

இம்மலையில் ஒவ்வொருவரும் தத்தம் அளவில் நிறைவடையலாம். மிகவும் இயலாதவர் பாதையின் நிழலில் அமர்ந்து இளைப்பாறலாம். துணைக்கு ஒருவர் அவசியம் இருக்க வேண்டும். மெல்ல நடப்பவர் சிற்பங்கள் வரை சென்று திரும்பலாம். வாலிபர்கள் மேற்பாறையில் ஏறித் தென்னந்தோப்புகளையும், ஆற்றையும், மேற்கு மலைத்தொடரையும் கண்டு களிக்கலாம். திரும்பும் நேரத்தையும் கூடுமிடத்தையும் மட்டும் முன்னதாகவே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

நம் முதியோரில் சிலர் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் பிறந்தவர்கள். 1956 நவம்பர் முதல் தேதி அத்தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தாம் பிறந்த மண்ணைக் குன்றின் மேலிருந்து ஒரு முறை காண அவர்களுக்கு விருப்பமிராதா? அவர்களை வீட்டில் விட்டுச் சென்றால், காண வேண்டியவர்களையே விட்டுச் சென்றவர்களாவோம்.

சிதறாலில் பழகிய பின், பொற்றையடி அருகேயுள்ள மருந்துவாழ் மலைக்குச் செல்லலாம். ஸ்ரீ நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை அங்குள்ளது. ஏற்றம் சற்றுக் கடினம். வெள்ளறடைக்கு அப்பாலுள்ள குரிசுமலையும் காளிமலையும் அதனினும் உழைப்பு வேண்டுவன. முழங்கால் வலியுள்ளோர்க்குப் பொன்முடி சௌகரியமானது. 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பஸ்ஸே மேலே கொண்டு சேர்க்கும். சுவிட்சர்லாந்தில் ரிகி மலைக்கு 1871-லேயே ரயில் விட்டார்கள். ஏற இயலாதோரும் உச்சியில் உலாவினர். வண்டியில் ஏறி மலை காண்பதில் இழிவொன்றும் இல்லை.

அகத்தியர் மலை 1868 மீட்டர் உயரமுள்ளது. வனத்துறை அனுமதி பெற்றுப் பல நாள் நடக்க வேண்டிய மலை அது. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2019 முதல் கேரள வழியில் பெண்களும் ஏறுகின்றனர். எனினும் அது ஒரு நாள் பிரயாணத்தில் அடங்காது.

இறுதியாகச் சில எச்சரிக்கைகள். ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் பாறை வழுக்கும், ஐப்பசிப் பிற்பகலில் இடி மின்னலும் உண்டு, அக்காலங்களைத் தவிர்க்கவும். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்கு அதிகச் சிரமம். முதியோர் கையில் ஒரு தடி அவசியம். இழுப்புள்ள பிள்ளையின் மருந்து, அவனுடன் நடப்பவரின் பையிலேயே இருக்கட்டும்.

அடுத்த விடுமுறைக்கு எந்த மலை என்று தீர்மானிக்கும்போது, முதலில் பாட்டியிடம் கேளுங்கள். அவர் நடக்கக்கூடிய தூரம் எதுவோ அதுவே அன்றைய பிரயாணம். மாலையில் அவரும் வீடு வந்து சேர்ந்த பிறகு, வண்டி முழுமையாக வந்தது என்று எழுதிக்கொள்ளலாம்.