வகுப்புக்கு ஒரு ஷார்ப்பனர்



பத்தாம் வகுப்பை முடித்து விடைபெறும் மாணவியர் பள்ளிக்கு ஒரு நினைவுப் பொருளை அளித்துச் செல்வது நல்லதொரு வழக்கம். சுவர்க் கடிகாரம், குத்துவிளக்கு, கண்ணாடி அலமாரி என்று அப்பொருள்கள் பலவகைப்படும். அவை யாவும் கண்ணுக்கு அழகானவை, மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்வாண்டு எங்கள் முறை வந்தபோது, கண்ணுக்கு அழகானதைவிடக் கைக்கு உதவுவது மேல் என்று எங்களுள் பலர் எண்ணினோம். ஆரம்ப வகுப்பு ஒவ்வொன்றுக்கும், மேசையில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றிப் பென்சில் சீவும் ஷார்ப்பனர் ஒன்று வாங்கித் தர வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஷார்ப்பனர் ஒரு பொருளா, அதைப் பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். அச்சாணி சிறியதுதான், ஆனால் அது இல்லாமல் தேர் ஓடுவதில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு வகுப்பில் 50 பேர் இருப்பதாகக் கொள்வோம். ஒருத்தி ஒரு நாளைக்கு இருமுறை பென்சில் சீவினாள் என்றாலும், நாளொன்றுக்கு 100 முறை ஆயிற்று. ஆண்டுக்குப் பள்ளி நாள்கள் 200 என்று வைத்தால், ஓராண்டில் அந்த ஒரு வகுப்பறையில் 20,000 முறை பென்சில் சீவப்படுகிறது! ஓவிய வகுப்பையும் வண்ணப் பென்சில்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும். சிறு வகுப்புகளில் மட்டுமா பென்சில்? பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு உள்ளன. செய்முறை வடிவியலில் தொடுகோடும் முக்கோணமும் வரைவதற்கும், வரைபடத் தாளில் புள்ளிகளைக் குறிப்பதற்கும் கூரிய பென்சில் வேண்டும். மழுங்கிய முனையால் வரைந்த வில்கள் வெட்டிக்கொள்ளும் இடம் புள்ளியாக இராது, பொட்டாக இருக்கும். அறிவியல் படங்களுக்கும் இதே கதைதான்.

இத்துணை வேலையை இப்போது எது செய்கிறது? கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு பிளாஸ்டிக் ஷார்ப்பனர். வாங்கிய புதிதில் நன்றாகவே சீவுகிறது. பிறகு அலகு மழுங்குகிறது, முனை உடைகிறது, மீண்டும் சீவினால் மீண்டும் உடைகிறது. பென்சில் பாதியாகும்வரை இந்தப் போராட்டம் நடக்கும். சில நாளில் திருகாணி தளர்ந்து அலகு கழன்று விழும். காம்பஸ் முனையால் அந்தத் திருகாணியை முடுக்கப் போய் விரலைக் கிழித்துக்கொள்ளும் தங்கைகள் உண்டு. ஷார்ப்பனர் இல்லாதபோது அப்பாவின் பழைய சவர பிளேடைத் தாளில் சுற்றிக் கொண்டுவருவோரும் உண்டு. இவை இரண்டும் வகுப்பறையில் இருக்கத் தகாதவை.

இதனினும் முக்கியமானது ஒன்று. ஷார்ப்பனர் உள்ளவள், இல்லாதவள் என்று வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. எல்லார் வீட்டிலும் ஒரே வசதி இல்லை. தொலைந்த ஷார்ப்பனருக்குப் பதில் மறுநாளே புதிது வாங்கித் தரும் வீடுகள் உண்டு. “மாசக் கடைசி, பொறுத்துக்கோ” என்று சொல்லும் வீடுகளும் உண்டு. ஒருநாள் கேட்டால் பக்கத்துப் பெண் கொடுப்பாள். மறுநாளும் கொடுப்பாள். நான்காம் நாள், “உனக்கு வேற வேலையே இல்லையா?” என்பாள். ஐந்தாம் நாள் கேட்பதற்கு வாய் வராது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பல்லால் மரத்தைக் கடித்துத் துப்பி முனையை வெளியே எடுப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவள் கையெழுத்துத் தடிமனாக இருப்பதற்கு அவள் சோம்பல் காரணமன்று. நீர்ப்பானையும் கரும்பலகையும் எப்படி வகுப்பின் பொதுச் சொத்தோ, அப்படியே பென்சிலைக் கூராக்கும் கருவியும் பொதுச் சொத்தாக இருந்தால், எவளும் எவளிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இக்கருவி பிறந்த கதையையும் சிறிது அறிந்துகொள்வது நல்லது. பென்சிலுக்குள் இருப்பது ஈயம் என்று இன்றும் பலர் சொல்கின்றனர். அது ஈயமன்று, கிராஃபைட். 1795ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நிக்கோலா ஜாக் கோந்தே என்பவர் கிராஃபைட் தூளோடு களிமண்ணைக் கலந்து சூளையில் சுட்டுப் பென்சில் குச்சி செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். களிமண் கூடினால் குச்சி கடினமாகும். குறைந்தால் மென்மையாகிக் கறுப்பாக எழுதும். அந்நாளில் பென்சிலைக் கத்தியால்தான் சீவினர். 1828இல் பெர்னார் லாசிமோன் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், பென்சில் கூராக்கும் கருவிக்கு முதன்முதலாக உரிமை பெற்றார். 1897இல் அமெரிக்காவில் ஜான் லீ லவ் என்ற கறுப்பினத் தச்சர், சீவல் வெளியே சிந்தாமல் உள்ளேயே சேரும் சிறு கருவி ஒன்றுக்கு உரிமை பெற்றார். கணித மேதையும் தச்சரும் மூளையைச் செலுத்திய பொருளை நாம் அற்பம் என்று தள்ளலாமா?

இனி, நீடித்து உழைக்கும் ஷார்ப்பனரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

கைக்கடக்கமான சிறு ஷார்ப்பனர்களில் உலோக உடல் கொண்டவை மேலானவை. ஜெர்மனியிலுள்ள எர்லாங்கன் நகரம் இவற்றுக்குப் பெயர் பெற்றது. பித்தளையிலும் மெக்னீசியக் கலவையிலும் இவற்றைச் செய்கின்றனர். ஆய்வகத்தில் கண்ணைப் பறிக்கும் வெண்ணொளியோடு எரிந்த மெக்னீசிய நாடா நினைவிருக்கிறதா? அதே உலோகம்தான், எடை குறைவு, ஆனால் உப்பு நீர் பட்டால் அரித்துப் போகும். ஆகவே ஈரக் கையோடு தொடலாகாது. உலோகத்தில் முடுக்கிய திருகாணி பிளாஸ்டிக்கில் முடுக்கியது போல் எளிதில் தளராது. அலகு மழுங்கினால் அலகை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சீவல் அறுபடாத நாடாவாகச் சுருண்டு வந்தால் அலகு கூர்மையாக இருக்கிறது என்று பொருள். தூளாக உதிர்ந்தால் அலகுக்கு வயதாகிவிட்டது என்று அறியலாம்.

இவை ஒருத்திக்கு ஏற்றவை. ஆனால் 50 பேருக்கு? அலகு எத்துணை நல்லதாயினும், கைக்குள் மறையும் பொருள் காணாமற்போவதைத் தடுக்க இயலாது. ஆகவேதான் மேசையோடு பிணைத்து வைக்கும் கைப்பிடி இயந்திரமே வகுப்புக்கு ஏற்றது என்கிறோம்.

இவ்வியந்திரத்தினுள் தட்டையான அலகு இல்லை. திருகு சுருளாகப் பற்கள் வெட்டப்பட்ட எஃகு உருளை இருக்கும். சில இயந்திரங்களில் உருளை ஒன்று, சிலவற்றில் இரண்டு. கோள்கள் தாமும் சுழன்று கதிரவனையும் சுற்றிவருவது போல, இவ்வுருளைகள் தாமும் சுழன்று பென்சிலையும் சுற்றிவந்து மரத்தைச் செதுக்குகின்றன. ஒற்றை உருளை பென்சிலை ஒரு பக்கமாகவே அழுத்தும். இரட்டை உருளை இருபுறமும் தாங்கிச் சீவுவதால் முனை உடைவது குறையும்; உழைப்பும் இரண்டாகப் பகிரப்படும். விலை சற்றுக் கூடினாலும், நாள்தோறும் நூறு முறை சுற்றப்படும் இயந்திரத்துக்கு இரட்டை உருளையே சிறந்தது.

கடைக்குச் செல்பவர்கள் ஐந்து செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, உள்ளிருக்கும் பற்சக்கரமும் கைப்பிடியின் அச்சும் உலோகமாக இருக்கின்றனவா? வெளிப்புறம் பளபளப்பாக இருந்து உள்ளே பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் சீக்கிரம் பல் உடையும். இரண்டாவது, மேசை விளிம்பில் இறுக்கும் பிடி உறுதியானதா? நம் வகுப்பு மேசைகளின் பலகை தடிமனானது. ஆகவே பலகையின் தடிமனை அளவுகோலால் அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். திருகாணி கொண்டு நிலையாகப் பொருத்தக் கூடியதாயின் இன்னும் நல்லது. மூன்றாவது, முனை கூராகியதும் சீவுவது தானே நின்றுவிடுகிறதா? இல்லையேல் விளையாட்டுப் பிள்ளைகள் முழுப் பென்சிலையும் இயந்திரத்துக்கு ஊட்டிவிடுவர். நான்காவது, சீவல் சேரும் பெட்டி பெரிதாகவும் எளிதில் கழற்றக் கூடியதாகவும் உள்ளதா? ஐந்தாவது, உருளையைத் தனியே கழற்றித் துடைக்க முடியுமா, மாற்று உருளை அந்தக் கடையிலேயே கிடைக்குமா? பழுது பார்க்க முடியாத பொருளை வகுப்புக்கு வாங்குவது வீண்.

மின்சார ஷார்ப்பனர் வாங்கலாமே என்பாருக்கு எங்கள் விடை இது. மின்சாரம் போனால் அது நின்றுவிடும். தொடர்ந்து ஓட்டினால் அதன் மோட்டார் சூடேறும். சின்னஞ்சிறு பிள்ளைகள் நடுவே மின்கம்பியும் வேண்டாம். கைப்பிடிக்கு வேண்டியது கை ஒன்றே.

ஒன்றை இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். முனை உடைவதெல்லாம் ஷார்ப்பனரின் குற்றமன்று. பென்சில் தரையில் விழும்போது உள்ளிருக்கும் குச்சி பல துண்டுகளாக உடைந்துவிடும். பிறகு எந்த இயந்திரம் சீவினாலும் முனை நிற்காது. குச்சி மரத்தின் நடுவில் இராமல் ஓரமாக அமைந்த மட்டமான பென்சிலும் அப்படியே. மெழுகு மிகுந்த வண்ணப் பென்சில்கள் உருளையின் பற்களில் அடைத்துக்கொள்ளும். வண்ணப் பென்சில் சீவிய பின் சாதாரணப் பென்சில் ஒன்றைச் சீவினால் அடைப்பு ஓரளவு நீங்கும். மெழுகு வண்ணக் குச்சிகளை உள்ளே விடவே கூடாது.

எங்கள் கருத்துக்கு மறுப்புகளும் உண்டு. “தன் பொருளைத் தானே காத்துக்கொள்ளப் பிள்ளைகள் பழக வேண்டாமா? பொதுவில் வைத்தால் பொறுப்பு எங்கிருந்து வரும்?” என்று பெரியவர்கள் கேட்கின்றனர். நல்ல கேள்வி. தன் பொருளைக் காப்பது நற்பழக்கம். ஆனால் பொதுப் பொருளைக் காப்பது அதனினும் பெரிய பழக்கம் அன்றோ? வீட்டுக்குள் தூய்மையாக இருந்துவிட்டுத் தெருவில் குப்பை கொட்டுவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். பொதுவானதும் நம்முடையதே என்னும் எண்ணம் எட்டு வயதில் வராவிட்டால் எப்போது வரும்?

“பாட நேரத்தில் வரிசையில் நின்று பேசுவார்களே” என்பது இன்னொரு மறுப்பு. காலை மணி அடிக்கும் முன்னும், இடைவேளையிலும் சீவிக்கொள்வது என்று விதி செய்யலாம். பாடத்தின் நடுவே முனை உடைந்தால் என்ன செய்வது? சீவிய பொதுப் பென்சில்கள் நான்கை ஆசிரியை மேசையில் ஒரு குவளையில் வைத்திருந்தால், ஒன்றை எடுத்து எழுதிவிட்டுத் திருப்பி வைக்கலாம். வாரம் ஒருத்தி என்று பொறுப்பு மாறிவர வேண்டும். பெட்டியைக் கொட்டுவது, உருளையைப் பழைய பல் துலக்கியால் துடைப்பது, பிடியின் திருகை இறுக்குவது ஆகியவை அவள் வேலை. சீவல் தரையெங்கும் சிதறாமல் இருந்தால், மாலையில் குனிந்து பெருக்கும் ஆயாவின் முதுகுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும். சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பர் ஆகும் என்று நம்பிச் சேர்த்து வைக்கும் தங்கைகளுக்கு ஒரு சொல்: எத்தனை நாள் ஊறினாலும் ஆகாது, பால்தான் கெடும்!

செலவைப் பற்றி: 50 பேர் ஆளுக்கு ஐந்து ரூபாய் ஷார்ப்பனரை ஆண்டுக்கு நான்கு முறை வாங்கினால், வகுப்புக்கு 1,000 ரூபாய் ஆகிறது. அது அத்தனையும் கடைசியில் பிளாஸ்டிக் குப்பை. அந்தத் தொகைக்குள்ளேயே பல ஆண்டு உழைக்கக் கூடிய கைப்பிடி இயந்திரம் ஒன்றை வாங்கலாம். ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் வாங்க இயலாவிடில், இவ்வாண்டு முதல் மூன்று வகுப்புகளுக்கு வாங்குவோம். எஞ்சியதை அடுத்த ஆண்டு விடைபெறுவோர் பார்த்துக்கொள்ளட்டும்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்றுண்டு. அடுத்த முறை ஒரு குழந்தையின் எழுத்து மங்கலாகவும் தடித்தும் இருக்கக் கண்டால், “ஒழுங்காக எழுது” என்று கடிந்துகொள்ளும் முன் அவள் பென்சில் முனையைப் பாருங்கள். நல்ல எழுத்துக்கு நல்ல கை மட்டும் போதாது, கூரிய முனையும் வேண்டும். அந்தக் கூர்மை காசுள்ள கைக்கு மட்டும் கிடைப்பதாக இருக்கலாகாது. கூச்சமின்றி எழுந்து சென்று, தன் பென்சிலைத் தானே சீவிக்கொண்டு வந்து உட்காரும் உரிமை வகுப்பிலுள்ள ஒவ்வொரு சிறுமிக்கும் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு குத்துவிளக்கின் விலையை விடக் குறைவுதான்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவியர் சார்பில், அவ்வகுப்பு மாணவி ஒருத்தி