உலகம் ஏன் சூடாகிறது? தம்பி தங்கைகளுக்குச் சரியாகச் சொல்வோம்

‘புவி வெப்பமடைதல்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரையாவது எழுதாமல் தமிழ்ப்பள்ளியைக் கடந்து வந்தவர் நம்மில் எவரும் இருக்க மாட்டார். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் அது மனப்பாடக் கட்டுரைகளில் ஒன்று. ‘இன்றைய நவீன உலகில்’ என்று முன்னுரையைத் தொடங்குவோம். ‘மரம் நடுவோம், நெகிழிப் பையைத் தவிர்ப்போம்’ என்று முடிவுரையை முடிப்போம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால், பூமி ஏன் சூடாகிறது என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை நம் முன்னால் நின்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் ஐந்தே நிமிடத்தில் பிழையில்லாமல் விளக்க முடியும்?

இக்கேள்வியை நான் சும்மா எழுப்பவில்லை. வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தரச் செல்லும் நம் கழகக் குழுவில் நானும் ஒருத்தி. இதே கேள்வியை அங்குள்ள பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். “ஓசோன்ல ஓட்டை விழுந்துருச்சு, அது வழியா சூடு வருது அக்கா” என்பார் ஒருவர். “நாம குப்பை போடுறதாலதான்” என்பார் இன்னொருவர். “பனிக்கரடி எல்லாம் செத்துப்போயிரும்” என்பார் மூன்றாமவர். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

புவி வெப்பமடைதலை இளம் பிள்ளைகளுக்குப் பயமுறுத்தும் கதையாகவும் சொல்லக் கூடாது, நன்னெறிப் பாடமாகவும் சுருக்கக் கூடாது என்பதே என் கருத்து. காரண காரியத்தோடு, அவர்கள் கண்ணால் கண்டவற்றிலிருந்து, தமிழிலேயே சொல்ல வேண்டும். அது முடியக்கூடிய காரியம்தான்.

போர்வையும் சேமிப்பும்

முதலில் காரணம். நம் நாட்டில் வானம் தெளிந்திருக்கும் இரவில் விடியற்காலை சற்றுக் குளிரும். மேகம் மூடிய இரவிலோ காற்றாடியைப் போட்டாலும் புழுக்கம் போகாது. இதை உணராத பிள்ளையே இல்லை. பகலில் தரை வாங்கிய வெப்பம் இரவில் வானை நோக்கி வெளியேறுகிறது. மேகமும் நீராவியும் அதில் ஒரு பகுதியைத் தடுத்துத் திருப்பி அனுப்புகின்றன. போர்வை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. உடலின் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. அதைப் போன்றதுதான் இதுவும்.

கரிவளி எனப்படும் கார்பன் டைஆக்சைடு செய்யும் வேலையும் இதுவே. சூரிய ஒளி அதனூடே உள்ளே வந்துவிடுகிறது. தரையிலிருந்து மேலெழும் வெப்பத்தை மட்டும் அது பிடித்துக்கொள்கிறது. இந்தப் போர்வை கெட்டதன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அது இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ -18 டிகிரி செல்சியஸாக இருக்கும். அது இருப்பதால்தான் 15 டிகிரி அளவில் உயிர்கள் வாழ்கின்றன. சிக்கல் போர்வையில் இல்லை. நாம் அதைத் தடிமனாக்கிக்கொண்டே போவதில் இருக்கிறது.

எப்படித் தடிமனாக்குகிறோம்? நிலக்கரியும் பெட்ரோலியமும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மண்ணுக்கும் கடலுக்கும் அடியில் புதைந்த உயிர்களின் மிச்சம். அவை காற்றிலிருந்து எடுத்த கரிமம் அங்கேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த அந்தச் சேமிப்பை நாம் ஏறக்குறைய இருநூறே ஆண்டுகளில் எரித்துக் காற்றில் கலந்துகொண்டிருக்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரிவளி சுமார் 280 பங்கு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

இது நேற்று முளைத்த செய்தியும் அன்று. கரிவளி நிறைந்த கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகம் சூடாவதை 1856இல் எழுதியவர் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி. காற்றில் கரிவளி கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896இல் கணக்கிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ். அறிவியலில் ஆர்வம் காட்டும் தங்கைகளுக்கு ஃபூட்டின் கதையை நான் மறக்காமல் சொல்வதுண்டு.

இரண்டு குழப்பங்கள்

ஓசோன் ஓட்டை ஒரு தனிச் சிக்கல். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட சில வாயுக்கள் ஓசோன் படலத்தை அரித்தன. அதனால் வந்தது புற ஊதாக்கதிர் ஆபத்து. அவ்வாயுக்கள் வெப்பத்தையும் பிடித்து வைப்பவையே. ஆனாலும் பூமி சூடாவதற்கு அந்த ஓட்டை காரணமன்று. 1987இல் மொன்ட்ரியல் உடன்படிக்கையின்வழி உலக நாடுகள் அவ்வாயுக்களைக் குறைக்க ஒப்புக்கொண்டன. படலம் இப்போது மெல்ல மீண்டு வருகிறது. இரண்டையும் கலந்து சொல்லும்போது பிழை மட்டும் நேர்வதில்லை; உலகம் ஒன்றுகூடிச் சரிசெய்த ஒரு நல்ல எடுத்துக்காட்டையும் பிள்ளைகள் இழந்துவிடுகிறார்கள்.

அடுத்தது நெகிழிப் பை. அது ஆற்றைக் கெடுக்கும், வடிகாலை அடைக்கும், ஆமையைக் கொல்லும். ஆகவே அதைத் தவிர்ப்பது நல்லதே. எனினும், பூமி சூடாவதற்கு முதன்மைக் காரணம் அதுவன்று. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும் இருந்து வருகிறது. சாலையில் ஓடும் வாகனங்கள் பெட்ரோலையும் டீசலையும் எரிக்கின்றன. குப்பையைப் பற்றிப் பேச வேண்டுமானால் மிச்சச் சோற்றைப் பற்றிப் பேசலாம். குப்பைமேட்டின் அடியில் காற்றுப் படாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் எழுகிறது. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரிவளியைவிடப் பல மடங்கு வலிமை உடையது.

பனிக்கரடி வேண்டாம், நம் ஊரைச் சொல்வோம்

பனிக்கரடியை நம் பிள்ளைகள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். புகைமூட்டத்தை மூக்கால் அறிவார்கள். 1997, 2005, 2013, 2015, 2019 என்று அது திரும்பத் திரும்ப வந்தது. 2005இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும், 2013இல் மூவாரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. எரிந்தது வெறும் மரமன்று. சதுப்புக் காட்டில் இலையும் வேரும் முழுதாய் மட்காமல், நீரில் ஊறி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மண் உண்டு. மலாயில் அதைத் ‘தானா கம்புட்’ என்பர். பயிரிடுவதற்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் அம்மண் காய்ந்துவிடுகிறது. தீப்பிடித்தால் நிலத்துக்கு அடியிலேயே வாரக்கணக்கில் புகைகிறது. 2015இல் இந்தோனேசியாவில் எரிந்த நிலம் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டர் என்பது உலக வங்கியின் கணக்கு. இந்தோனேசியாவைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. கிள்ளானுக்கு அருகே ஜோஹான் செத்தியாவில் இதே மண் எரிந்திருக்கிறது.

கடல்மட்டத்தைப் புரியவைக்க ஒரு கோப்பை சிராப் ஐஸ் போதும். மிதக்கும் பனிக்கட்டி கரைந்தாலும் கோப்பை வழிவதில்லை. வெளியிலிருந்து ஒரு கட்டியைப் போட்டால்தான் மட்டம் ஏறும். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் தரைமேல் கிடக்கும் பனி கரைந்து கடலில் சேர்வது அப்படித்தான். கடல்நீர் சூடாகி விரிவதும் மட்டத்தை உயர்த்துகிறது. நம் அண்டை நாடான சிங்கப்பூரின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலேயே இருக்கிறது. 2100க்குள் அங்குக் கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024இல் வெளியான அந்நாட்டு ஆய்வு சொல்கிறது.

மழையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு வெள்ளத்தையும் புவி வெப்பத்தின் தலையில் கட்டிவிட முடியாது. தாழ்வான நிலம், அடைபட்ட வடிகால், ஆற்றங்கரையை நெருக்கி எழும் கட்டடங்கள் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. வெயிலுக்கும் இதே விதிதான். பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது 1998 ஏப்ரலில், எல் நினோ ஆண்டில். “அப்படியானால் அதற்குப் பிறகு சூடு கூடவில்லையே” என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கலாம். ஓர் ஊரின் ஒரு நாள் வெயில் வேறு, உலகம் முழுவதற்கும் ஓர் ஆண்டின் சராசரி வேறு என்று அப்போது சொல்ல வேண்டும். அந்தச் சராசரியில் 2024தான் இதுவரை பதிவானவற்றுள் மிகச் சூடான ஆண்டு. 1850 முதல் 1900 வரையிலான நிலையைவிட அது ஏறத்தாழ 1.5 டிகிரி அதிகம்.

பழியைப் பிள்ளைகள் தலையில் வைக்காதீர்

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டுக் கூரைகளில் ஏறி நின்று உதவிக்குக் காத்திருந்தனர். நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வெள்ளத்தில் வீடு மூழ்கிய ஒரு மாணவி எங்கள் வகுப்பில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் இன்றும் புத்தகப் பையை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவாள். “அக்கா, தண்ணி மறுபடியும் வீட்டுக்குள்ள வருமா?” என்று அவள் கேட்டபோது, “வராது” என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருமழை இனியும் வரலாம், ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கவும் வடிகாலைச் சீராக்கவும் பெரியவர்களால் முடியும், அதைச் செய்வது அவர்கள் கடமை என்று சொன்னேன். அவளைப் போன்ற ஒரு பிள்ளையிடம் போய் ‘நீ நெகிழிப் பை வாங்கியதால்தான் உலகம் அழிகிறது’ என்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

பொறுப்பைப் பற்றிப் பேச நம்மிடம் சொந்த வரலாறே இருக்கிறது. இந்நாட்டின் காடுகளை வெட்டி ரப்பர் நட்டவர்களில் நம் முன்னோர் பலர். முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது கோலசிலாங்கூரில். அத்தோட்டத்தின் பெயரே ‘தென்னமரம்’. காட்டில் உழைத்தவை கூலிகளின் கைகள். எந்தக் காட்டை அழிப்பது என்று முடிவெடுத்ததும் இலாபம் பார்த்ததும் வேறு ஆட்கள். செய்த கைக்கும் முடிவெடுத்த தலைக்கும் உள்ள இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

அதற்காகப் பெரியவர்களாகிய நாம் கைகழுவிவிடவும் கூடாது. தொழிற்புரட்சியிலிருந்து இன்றுவரை வெளியான கரிவளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது என்பது உண்மை. ஆனால் இன்றைய கணக்கில் மலேசியர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 டன் கரிவளி. உலகச் சராசரி 5 டன்னுக்கும் குறைவு. இந்தியாவில் சுமார் 2 டன். மேற்கு நாடுகளை மட்டும் சுட்டிக்காட்டிப் பேசும் தகுதி நமக்கில்லை. 2050க்குள் நிகர வெளியீட்டைச் சுழியமாக்க முனைவதாக நம் அரசாங்கம் 2021இல் அறிவித்தது. அதை நினைவூட்டிக் கேட்க வேண்டியவர்கள் வாக்குரிமை பெற்ற நாம். 2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே நமக்கு அவ்வுரிமை நடப்பில் இருக்கிறது.

ஏன் தமிழில்?

“அறிவியலைத் தமிழில் சொல்லி என்ன பயன்?” என்று கேட்போர் நம்மிடையே உண்டு. தமிழில் சொன்னால் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோகும் என்பதே என் விடை. பால்மரம் வெட்டிய பாட்டிக்கு மழையைப் பற்றித் தெரியும். விடியலில் மழை பெய்தால் அன்று வெட்டில்லை, வெட்டில்லையென்றால் கூலி குறையும். மரங்கள் இலை உதிர்த்த மாதங்களும் அவருக்கு நினைவிருக்கும். அவரிடம் “பாட்டி, அந்தக் காலத்துல மழை எப்ப வரும்?” என்று பேரப்பிள்ளை கேட்டு எழுதி வந்தால், வானிலை என்பது இன்றைய மழை, பருவநிலை என்பது பல்லாண்டுகளின் போக்கு என்ற பாடம் தானாகவே விளங்கும். பாட்டியின் நினைவு அளவுமானி ஆகாது. ஆனால் கேள்வி கேட்கும் பழக்கம் அங்கிருந்து தொடங்கும். வான்சிறப்பை இரண்டாம் அதிகாரமாக வைத்த குறளைப் போட்டிக்காக மனனம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு, அந்த மழை எங்கிருந்து வருகிறது, ஏன் மாறுகிறது என்று அதே மொழியில் சொல்வது அத்தனை கடினமா?

கழகத் தோழர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. அடுத்த தவணையில் நம் குழு செல்லும் ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். போர்வை, சேமிப்பு, சிராப் ஐஸ் ஆகிய மூன்றே விளக்கங்களோடு, வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுத ஒரு பயிற்சியும் தருவோம். அறிவியல் துறையில் பயில்வோர் கருத்துப் பிழைகளைத் திருத்தட்டும். தமிழ்த்துறையினர் சொற்களைச் செப்பனிடட்டும். பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் அதைச் சிறு நூலாக அச்சிட உதவலாம். அதன்பின் அப்பிள்ளைகள் இதே தலைப்பில் கட்டுரை எழுதும்போது, ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்காமல் ‘எங்கள் வீட்டில் வெள்ளம் வந்தபோது’ என்று தொடங்கினால், அதற்கும் நாம் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.