கோப்பைத் தலையன் யாருடைய அடியாள்?

கிளைக் கூட்டம் முடிந்து தேநீருக்காகக் காத்திருந்த வேளையில் ஓர் இளந்தோழர் தம் மடிக்கணினியைத் திறந்து ஒரு வீடியோ கேமைக் காட்டினார். 'கப்ஹெட்' என்பது அதன் பெயர். இன்றைய விளையாட்டு எதனுடைய சாயலும் அதில் இல்லை. 1930-களின் அமெரிக்கக் கார்ட்டூன் படம் ஒன்று உயிர்பெற்று விரல்நுனிக்கு வந்ததைப் போலிருந்தது. ரப்பர் குழாய் போல வளையும் கைகால்கள், வெள்ளைக் கையுறைகள், பழைய படச்சுருளின் கீறல்கள், இடைவிடாத ஜாஸ் இசை. "இதற்கெல்லாம் நமக்கு நேரம் இருக்கிறதா, தோழர்?" என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். "இது கலை, தோழர்" என்றார் இளையவர். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தக் கலைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். கனடாவைச் சேர்ந்த சாட் மோல்டன்ஹவர், ஜாரெட் மோல்டன்ஹவர் என்ற சகோதரர்கள் தொடங்கிய சிறிய ஸ்டுடியோ ஒன்று இதை உருவாக்கி, 2017 செப்டம்பரில் வெளியிட்டது. பணியை விரிவுபடுத்துவதற்காகத் தங்கள் வீடுகளை அடமானம் வைத்ததாக அவர்கள் கூறியுள்ளனர். ஒவ்வோர் அசைவும் காகிதத்தில் கையால் வரையப்பட்டது. பின்னணிகள் நீர்வண்ண ஓவியங்கள். கிறிஸ்டோஃபர் மேடிகன் அமைத்த இசையை வாத்தியக் கலைஞர்களே கூடி வாசித்துப் பதிவு செய்தார்கள். வெளியான சில வாரங்களிலேயே 10 லட்சம் பிரதிகள் விற்றன. பின்னர் நெட்ஃபிளிக்ஸில் தொடராகவும் வந்தது. மனிதக் கை வரைந்த கோட்டுக்கு இயந்திர யுகத்திலும் இவ்வளவு ஈர்ப்பு இருப்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியே.

ஆனால் இந்த அழகிய உடைக்குள் இருக்கும் விளையாட்டு எத்தகையது? ஓடு, குதி, சுடு, விலகு, அவ்வளவுதான். தோட்டா தீர்வதே இல்லை. மூன்று அடி வாங்கினால் சாவு. எதிரி எந்த வரிசையில் எதை எறிவான் என்பதை மனப்பாடம் செய்து, செத்துச் செத்து மீண்டும் தொடங்க வேண்டும். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும், வெற்றிக்கோட்டுக்கு எவ்வளவு அருகே வந்தீர்கள் என்பதைத் திரை ஒரு கோடு போட்டுக் காட்டும். இலக்கைத் தவறவிட்ட தொழிலாளிக்கு மேலாளர் காட்டும் அட்டவணை நினைவுக்கு வருகிறது. எளிய நிலையில் விளையாடி ஓர் எதிரியை வென்றால் அந்த வெற்றி கணக்கில் சேராது; வழக்கமான நிலையில் வென்றவருக்கே கதையின் முடிவைக் காணும் உரிமை. விளையாட்டு கடினமானதுதான், அதில் ஐயமில்லை. கடினத்தையே ஆழம் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை நேர்கிறது. இங்கே விரல்களுக்கு நிறைய வேலை இருக்கிறது; சிந்தித்து ஒரு முடிவெடுக்க வேண்டிய இடம் அநேகமாக இல்லை.

கதையைக் கேட்டால் தோழர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கோப்பைத் தலையனும் அவன் தம்பியும் சாத்தானின் சூதாட்ட விடுதியில் ஆடித் தோற்று, தங்கள் ஆன்மாவைப் பறிகொடுக்கிறார்கள். அழுது கெஞ்சியதும் சாத்தான் ஒரு சலுகை தருகிறான். தன்னிடம் கடன்பட்டுத் தப்பி ஓடியவர்களின் ஆன்மா அடமானப் பத்திரங்களை மறுநாள் நள்ளிரவுக்குள் வசூலித்து வந்தால் இவர்களுக்கு விடுதலை. ஆக, விளையாடுகிறவர் ஏற்கும் வேடம் கந்துவட்டிக்காரனின் அடியாள் வேடம். கடனாளியே சக கடனாளியை அடித்து வசூலிக்க வேண்டும். சுரண்டலின் மிகப் பழைய தந்திரங்களில் இது ஒன்று. இந்தக் கதைக்கருவை அமைத்தவர்கள் தங்களை அறியாமலேயே ஒரு பெரிய உண்மையைத் தொட்டுவிட்டார்கள். தொட்டவர்கள் உடனே கையை எடுத்துக்கொண்டதுதான் ஏமாற்றம்.

முதல் தீவிலேயே நாம் தாக்கும் கடனாளிகளில் ஓர் உருளைக்கிழங்கும் ஒரு வெங்காயமும் ஒரு கேரட்டும் உண்டு. உழுத நிலத்திலிருந்து எழுந்து வந்து போரிடுகிறார்கள். எதற்குக் கடன் வாங்கினார்கள்? வட்டி என்ன? ஏன் ஓடினார்கள்? எவரும் கேட்பதில்லை. கேட்பதற்கான பொத்தான் அந்த விளையாட்டில் இல்லை. சுடுவதற்கான பொத்தான் மட்டுமே இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் ஒரு கதவு லேசாகத் திறக்கிறது. அந்த வெங்காயம் அழுதுகொண்டே மேலே வருகிறது. அதைச் சுடாமல் சற்றுப் பொறுத்திருந்தால், அது முகம் மலர்ந்து, யாரையும் துன்புறுத்தாமல் போய்விடுகிறது. அருமையான கற்பனை. இப்படி ஒரு வாய்ப்பு ஒவ்வொரு மோதலிலும் இருந்திருந்தால் இது வேறு விளையாட்டாகியிருக்கும். இன்னொரு செய்தியும் உண்டு. ஓடிக்கொண்டே சுடும் ஆறு கட்டங்களையும் ஓர் உயிரையும் கொல்லாமல் கடந்தால் ஒரு பரிசு கிடைக்கிறது. என்ன பரிசு? திரை முழுவதையும் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிக்கொள்ளும் வசதி! கொல்ல மறுத்தவனுக்கு இந்த உலகம் தருவது இன்னொரு அலங்காரம் மட்டுமே. கதையில் ஒரு சொல்லும் மாறுவதில்லை. இந்த விளையாட்டின் குறையைச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இறுதியில் சாத்தான் பத்திரங்களைக் கேட்கிறான். கொடுத்துவிட்டால் நாமும் அவன் கூட்டத்தில் ஒருவராகிவிடுவோம். மறுத்துப் போரிட்டு வென்றால் பத்திரங்கள் எரிக்கப்படுகின்றன. கடனாளிகள் அனைவரும் ஆரவாரம் செய்கிறார்கள். எரியும் கடன் பத்திரத்தைக் கண்டு மகிழாத இடதுசாரி யார்? எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தங்கள் விடுதலையில் அந்தக் கடனாளிகளுக்கு எந்தப் பங்கும் இல்லை. நேற்றுவரை அவர்களை அடித்தவனே இன்று மனம் மாறி விடுவிக்கிறான். அவர்களுக்கு எஞ்சியது கைதட்டும் வேலை. வாழ்க்கை இப்படி நடப்பதில்லை. 2010-இல் ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் கொடுமையால் கிராமங்களில் தற்கொலைகள் நிகழ்ந்து, எதிர்ப்பு எழுந்த பின்னரே அவசரச் சட்டம் வந்தது. 2025-இல் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் வசூல் அடாவடிக்கு எதிரான சட்டங்கள் பிறந்ததும் அத்தகைய அழுத்தத்தால்தான். எந்த அடியாளின் மனமாற்றமும் அவற்றைக் கொண்டுவரவில்லை.

இனி, இந்த விளையாட்டு கடன் வாங்கிய காலத்துக்கு வருவோம். இதன் தோற்றத்துக்கு முதன்மையான ஊற்று நியூயார்க்கின் ஃபிளைஷர் ஸ்டுடியோ. பெட்டி பூப், பாப்பாய் போன்ற உருவங்கள் புகழ்பெற்றது அங்கேதான். பெருமந்தத்தின் ஆண்டுகள் அவை. உலகைச் சிரிக்க வைத்த அந்தக் கூடத்தில், ஒரு முக்கிய அசைவுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட படங்களை வரைந்து தள்ளியவர்களும், மையிட்டு வண்ணம் தீட்டியவர்களும் சொற்ப ஊதியத்துக்கு நெடுநேரம் உழைத்தனர். அவர்களில் பெண்கள் பலர். சங்கம் சேர்ந்தவர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். 1937 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. அமெரிக்க அனிமேஷன் தொழிலின் முதல் பெரும் வேலைநிறுத்தம் அது. ஐந்து மாதங்கள் நீடித்து அக்டோபரில் உடன்பாட்டில் முடிந்தது. மறு ஆண்டே நிர்வாகம் ஸ்டுடியோவைத் தெற்கே மயாமிக்குப் பெயர்த்துக்கொண்டு போனது. சங்கங்கள் வலுவற்ற மாநிலம் என்பது அந்த இடத்தேர்வுக்கு ஒரு முக்கியக் காரணம். கதை அங்கும் முடியவில்லை. பாரமவுண்ட் நிறுவனத்திடம் பட்ட கடனால் 1941-இல் ஸ்டுடியோவே ஃபிளைஷர் சகோதரர்களின் கையைவிட்டுப் போனது. கடன் பத்திரம் தொழிலாளியின் முதலாளியையும் விட்டுவைக்கவில்லை.

அதே 1941 மே மாத இறுதியில் டிஸ்னி ஸ்டுடியோவிலும் வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கத்தில் முன்னின்ற ஆர்ட் பாபிட் என்ற தலைசிறந்த அனிமேஷன் கலைஞர் நீக்கப்பட்டதே அதற்குத் தூண்டுகோல். ஆறாண்டுகள் கழித்து, 1947 அக்டோபரில், வால்ட் டிஸ்னி நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் அமர்ந்து, அந்த வேலைநிறுத்தத்தின் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்ததாகச் சாட்சியம் அளித்தார், பெயர்களையும் சொன்னார். கப்ஹெட் தன் முன்னோடிகளாகக் கொண்டாடும் கார்ட்டூன் மரபின் முழு வரலாறு இது. இதிலிருந்து வெள்ளைக் கையுறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வரைந்த கையை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கையுறைக்கும் ஒரு வரலாறு உண்டு. முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளையர்கள் கறுப்பின மக்களை மேடையில் இழிவுபடுத்திக் காட்டிய கூத்து மரபிலிருந்தே கார்ட்டூன் உருவங்களின் கையுறையும் அகன்ற வாயும் துள்ளல் நடையும் வந்தன என்பதை ஆய்வாளர் நிக்கோலஸ் சாமண்ட் 2015-இல் வெளியான தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். ஹார்லெமின் மாபெரும் கறுப்பினப் பாடகர் கேப் காலோவேயின் நடனத்தைப் படம்பிடித்து, அதன்மேல் கோடு வரைந்து, ஃபிளைஷர் கூடம் பேய்களையும் பிசாசுகளையும் ஆடவைத்தது. அவருடைய இசை வேண்டியிருந்தது. ஆனால் படம் வரையும் மேசைகளில் கறுப்பினத்தவரை ஏறத்தாழக் காணவே முடியாது. கப்ஹெட்டில் சாத்தானின் வலக்கையாக வரும் பகடைத் தலையனின் அசைவிலும் குரலிலும் அதே காலோவேயின் நிழல். கறுப்பினப் பண்பாட்டைச் சூதோடும் நரகத்தோடும் பிணைத்த பழைய கண்ணோட்டம் இங்கே மறுபதிப்பாகிறது என்று யூசெஃப் கோல் என்ற விமர்சகர் 2017-லேயே சுட்டிக்காட்டினார். தாங்கள் எடுத்துக்கொண்டது காட்சி வடிவத்தை மட்டுமே என்பது ஸ்டுடியோ தரப்பின் விடை. அந்த விடையை நேர்மையற்றது என்று சொல்ல மாட்டேன். தீய நோக்கம் எதுவும் இல்லாமலேயே வரலாறு துடைக்கப்படுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஒரு காலத்தின் போராட்டத்தை வடிகட்டிவிட்டால், அதன் அழகு விற்பனைக்கு வசதியான சரக்காகிவிடுகிறது.

இவையெல்லாம் பழங்கதை அல்ல. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வெளியேற்றியது. ஆக்டிவிஷன் பிளிஸர்டை ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு வாங்கி அப்போது மூன்று மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலமே ஆகியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில், தங்கள் குரலையும் அசைவையும் செயற்கை நுண்ணறிவு விழுங்குவதற்கு எதிராக, அமெரிக்காவில் வீடியோ கேம் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அது ஓராண்டை நெருங்கும்வரை நீடித்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் நொறுங்கியபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கான அனிமேஷன், காட்சிக்கலைத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தனர். உலகத் திரைகளுக்கு அழகூட்டிய கைகள் அவை. இதே கர்நாடகத்தில் தகவல் தொழில்நுட்பத் துறைக்குத் தொழிலக நிலையாணைச் சட்டத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் விலக்கு அளிக்கப்பட்டு வந்தது. 2024-இல் வேலைநேரத்தை ஒரு நாளைக்கு 14 மணி வரை நீட்டிக்கும் முன்மொழிவை எதிர்த்துக் களத்தில் நின்றது அத்துறையின் ஊழியர் சங்கம்தான்.

எனவே மூத்த தோழருக்கு நான் சொல்வது இது: இதற்கு நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். நம் பிள்ளைகள் மாலைப்பொழுதைக் கழிக்கும் இடத்தில் நாம் இல்லாமல் போனால், அங்கே வேறு யாரோ அவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். 'இளைஞரைக் கெடுக்கும் விளையாட்டு' என்ற மேடைப்பேச்சால் ஒருவரையும் வென்றெடுக்க முடியாது. இளந்தோழருக்குச் சொல்வது இது: ஆம், இது கலைதான். ஆகவே கலையிடம் கேட்கும் கேள்விகளை இதனிடமும் கேளுங்கள். யார் வரைந்தார்கள்? என்ன ஊதியம்? யாருடைய மரபு, யார் பெயரில் விற்கப்படுகிறது? விளையாடுகிறவரை எந்த வேடத்தில் நிறுத்துகிறது? எந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் விரல்களை ஓயாது இயக்குகிறது?

அடுத்த வாசகர் வட்டத்தில் அந்த மடிக்கணினியை மீண்டும் திறப்போம். அழும் வெங்காயம் வரும்போது விரலை எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருப்போம். பிறகு 1937-இன் நியூயார்க் தெருவில் பதாகை ஏந்தி நின்ற படக்கலைஞர்களைப் பற்றிப் பேசுவோம். பேச்சு முடியும்போது, பெங்களூரில் வேலை இழந்த அனிமேஷன் தொழிலாளி ஒருவரும் அந்த அறையில் அமர்ந்திருக்க வேண்டும். அவரை அழைத்து வருவது நம் வேலை.