கறவை மாட்டுக்குக் கொழுப்பு: அளவோடு கொடுங்கள்!

தர்மபுரி மாவட்டத்தின் பழைய மாடு ஆலம்பாடி. ஏர் உழுவதில் கெட்டிக்கார மாடு. பால் கொஞ்சம்தான் கறக்கும். கன்றுக்குப் போக வீட்டுக்குச் சிறிது மிஞ்சும்.

இன்று மாரண்டஹள்ளி வட்டாரத்தில், பால் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் நம்பியிருப்பது கலப்பின மாட்டைத்தான். அது நிறையக் கறக்கிறது. "கறக்கிறது, ஆனால் சினை பிடிக்கவில்லையே!" என்ற கவலையும் கூடவே வருகிறது.

காரணம் என்ன?

கன்று ஈன்ற ஆறு, எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்கு ஏறுகிறது. வயிறு நிறையத் தின்னும் சக்தி அதற்குப் பிறகே வருகிறது. நடுவில் வரவு குறைவு; செலவு அதிகம். அப்போது மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்கிறது; மெலிகிறது. அளவு மீறிக் கரைந்தால் ஈரலில் கொழுப்பு படியும். தீனி எடுக்காது. இப்படி நலிந்த மாட்டுக்குக் கருமுட்டை சரியாக முதிராது. பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். சினை ஊசி போட்டாலும் நிற்பது சிரமம்.

கணக்குப் பாருங்கள். சினைக்காலம் சுமார் 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்ற 85 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் நஷ்டம். பால் வற்றிய மாட்டுக்கும் தீனி போட்டுத்தானே ஆக வேண்டும்?

இங்கேதான் கொழுப்பு உதவுகிறது. மாவுச்சத்தைவிட இரண்டே கால் மடங்கு சக்தி அதில் உண்டு.

அதற்காகத் தவிட்டில் தினமும் எண்ணெய் ஊற்றிக் கொடுக்கலாமா? கூடாது! மாட்டின் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலையும் சோளத்தட்டையும் செரிக்க வைப்பவை அவைதான். எண்ணெய் மிகுந்தால் அவை செயல் இழக்கும். தீனி செரிக்காது. பாலில் கொழுப்பும் குறையும்.

விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கொழுப்பைச் சுண்ணாம்புச் சத்துடன் சேர்த்துத் தூளாக்கினார்கள். அது முதல் வயிற்றைத் தாண்டிப் போகும். புளிப்பு மிகுந்த நாலாவது வயிற்றில் பிரிந்து, குடலில் உடம்போடு சேரும். இதன் பெயர் 'பைபாஸ் கொழுப்பு'. தாவர எண்ணெயிலிருந்து இதைத் தயாரிக்கும் முறையைக் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது.

கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 10 முதல் 20 கிராம் போதும். 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளைக்கு 100 முதல் 200 கிராம். ஈனுவதற்கு 10 நாள் முன்பு சிறிதளவில் தொடங்கி, ஈன்ற பிறகு 90 நாள் வரை கொடுக்கலாம். குறைவாகக் கறக்கும் மாட்டுக்கு இது வீண் செலவு. ஈனும் முன்பே கொழுத்துவிட்ட மாட்டுக்கோ ஈன்ற பின் ஈரல் கோளாறு வரும் ஆபத்து அதிகம்.

தூள் ஒன்றே மருந்தாகாது. பசுந்தீவனம், புண்ணாக்கு, தாது உப்பு, தாராளமாகத் தண்ணீர் இவையே அடிப்படை. கருப்பை நோயாலும் சினை நிற்காமல் போகலாம். அதைக் கொழுப்பு தீர்க்காது.

ஏழை விவசாயி மூட்டையாக வாங்க முடியாது. பால் சங்கங்கள் இதைச் சிறு பொட்டலங்களாகக் கடனுக்குக் கொடுத்து, பால் பணத்தில் கழித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களும் ஒன்று செய்யுங்கள். மாடு ஈன்ற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 60 நாள் ஆகியும் பருவத்துக்கு வராவிட்டால், உடனே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

நமக்குப் பால் கொடுக்கும் வாயில்லா ஜீவன், தன் உடம்பைக் கரைத்துக் கொடுக்கும்படி விடலாமா?